பதினோரு வண்டு

தாராவியில் அந்தச் சந்தில் சபுராவோடு சண்டை போடாதவர்கள் யார் என்று எண்ணினால் பால்வாடிப் பிள்ளைகள்தான் மிஞ்சும். அவர்களிலும் இரண்டு பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. புருஷன் மாஹிமில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர், சாது. அவர் இருந்தவரை அவர் முகத்துக்காக சந்துக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போன பிறகு அவர்களும் பொறுக்கவில்லை, இவளும் வாயைக் குறைக்கவில்லை.

வாயை விடுங்கள், அவள் செய்த தொழில்தான் ஜனங்களுக்கு ஆகவே இல்லை. சபுரா புழு வளர்த்தாள். இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடி அறையில் அலமாரி நிறையப் பிளாஸ்டிக் தட்டுகள், தட்டு நிறையக் கோதுமைத் தவிடு. தவிட்டுக்குள் கருப்பு வண்டுகள் முட்டையிடும், முட்டை பொரிந்து மஞ்சள் புழுக்கள் ஒரு அங்குல நீளத்துக்கு நெளியும். குர்லா பக்கம் மீனும் பறவையும் விற்கிற கடைக்காரர்கள் தீனிக்காக அதை டப்பா டப்பாவாக வாங்கிப் போவார்கள். நாற்றம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆனாலும் அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க அந்தச் சந்தில் ஆள் கிடையாது. ஒருத்தி ரம்ஜானுக்கு இவள் கொடுத்தனுப்பிய கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினாள். அதை சபுரா தன் கண்ணால் பார்த்தாள், அந்த வீட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் கத்தினாள், மறு வருஷம் கஞ்சி காய்ச்சவே இல்லை.

புழு வளர்க்க ஆரம்பித்த புதிதில் தட்டு தட்டாகச் செத்தது. ஏன் என்று பார்க்க உட்கார்ந்தவள், புருஷன் கண்ணில் செருகிக்கொண்டு கடிகாரத்துக்குள் பார்ப்பாரே, அந்தக் கண்ணாடியைத் தன் கண்ணில் செருகிக்கொண்டாள். தவிட்டுக்குள் தன் வண்டுகள் மட்டும் இல்லை, அழையாத விருந்தாளிகள் மூன்று வகை இருந்தன. எல்லாம் இருட்டையும் மாவையும் தேடுகிற ஒரே வம்சம், ஆனால் ஒன்றுக்கொன்று பங்காளிப் பகை. ஒன்றின் முட்டையை மற்றது தின்னும். பழைய டைரி ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொன்றின் மீசை, கண், முன்கால் எல்லாம் வரைந்து வைத்தாள். பெயரும் அவளே வைத்தாள். அவள் வளர்ப்பது ‘பெரியவன்’. மாவில் வருகிற குட்டிச் சிவப்பு ‘செவலை’. ஆணுக்கு முகத்தில் இரண்டு கொம்பு நீட்டியிருப்பது ‘கொம்பன்’. தலை நீண்டது ‘நீட்டுமண்டை’. நாலாவதாக, கடைசியாக வந்து சேர்ந்தது ‘கோழிக்காரன்’. தட்டுக்குள் வண்டு ஒளிய இடம் வேண்டுமென்று கோழிக்கடையிலிருந்து பழைய முட்டை அட்டைகளை வாங்கி வைத்தாள், அதில் ஏறி வந்த சனியன் அது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு வண்டைக் கையில் கொடுத்தால் அது இன்னது என்று பிசகாமல் சொல்வாள். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல.

தவிடு வந்தது எதிர்த்த வீட்டு முகைதீன் மில்லிலிருந்து. முகைதீனுக்கு அறுபது வயது, அவரும் மேலப்பாளையம்தான், தூரத்து உறவுகூட, அவளுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. கோதுமை, அரிசி, கேப்பை என்று சந்து முழுவதற்கும் அவர்தான் அரைத்துக் கொடுத்தார். சலித்து எடுத்த தவிட்டைச் சாக்கில் கட்டி சபுராவுக்குத் தருவார். அவருடைய சட்டம் ஒன்று உண்டு. சாக்கு அவருடையது, காலியானதும் உதறித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாக்கு திரும்பினால்தான் அடுத்த தவிடு. இந்த ஒரு சாக்குப் போக்குவரத்தைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல வார்த்தை எதுவும் போய்வந்ததில்லை.

அந்த ஜூலையில், மழை நசநசவென்று பிடித்துக்கொண்டிருந்தபோது, முகைதீன் மில்லில் அரைத்த அரிசி மாவில் பூச்சி கிளம்பியது. இடியாப்பத்துக்கு மாவு வாங்கிய பெண் சல்லடையோடு வந்து மில் வாசலில் கொட்டினாள். அடுத்த நாள் இன்னொருத்தி. மூன்றாம் நாள் முகைதீன் மாவுத் தொட்டியைக் கவிழ்த்து, அகப்பட்ட வண்டுகளையெல்லாம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டு நடுச் சந்தில் நின்றார்.

“பூச்சி வளக்கவ எதுத்தாப்புல இருக்கா, பூச்சி என் மாவுல வருது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?” என்றார்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வாய்கள் அத்தனையும் திறந்துகொண்டன. சந்துக் கமிட்டியின் செயலாளர் வானமாமலை, வயரிங் வேலை பார்ப்பவன், நாங்குநேரிக்காரன், நல்லவன் என்று பெயர் எடுத்தவன். நல்லவன் என்பதற்கு அங்கே அர்த்தம், கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுபவன் என்பதே. அவன் ஏணிக்கடியில் நின்று சபுராவைக் கூப்பிட்டான்.

“யக்கா, ஞாயித்துக்கெழம கமிட்டி கூடுது. பூச்சி ஒங்களுதுன்னு முடிவாச்சுன்னா, மூணு நாளுல தட்டெல்லாம் சந்த விட்டுப் போயிரணும். எல்லாரும் சேந்து சொல்லுதாவ.”

“என்னோடது இல்லன்னு ஆச்சுன்னா?”

“ஆவாது யக்கா” என்று சொல்லிவிட்டு, வாய் தவறிவிட்டதை உணர்ந்து, “அப்பப் பாத்துக்கிடலாம்” என்றான்.

தட்டு போனால் சோறு போகும். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. அந்த அறை வாடகைக்கு வேறு அறை அந்த வட்டாரத்தில் கிடைக்காது. இதெல்லாம் சபுராவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் பயப்படவில்லை. அவளுடைய பெரியவன் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிது, கன்னங்கரேல் என்றிருக்கும். முகைதீன் ஆட்டிக்காட்டிய பாட்டிலில் இருந்ததெல்லாம் பொடிசு. எட்ட நின்று பார்த்தே அது செவலை என்று கண்டுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சந்து முழுவதையும் வாயடைக்க வைக்கப்போகிறோம் என்ற நினைப்பில் இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தாள் பாவம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மில் வாசலில் ஒரு மேசை போட்டார்கள். மழை விட்டிருந்தது. சபுரா வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும், புருஷனின் சின்ன இடுக்கியும், கண்ணாடியும் கொண்டுவந்தாள். பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தாள், மூடியே கிடந்ததில் வண்டுகள் செத்திருந்தன. சுற்றி நின்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார்கள்.

“நல்லாப் பாருங்க” என்று தன் தட்டிலிருந்து கொண்டுவந்த பெரியவன் ஒன்றை ஓரமாக வைத்தாள். “இதுதான் நான் வளக்கது. இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, அந்தக் கூட்டத்துல இருந்தாக் காட்டுங்க. இப்பவே தட்டத் தூக்கிட்டுப் போயிருதேன்.”

“சின்னதா இருக்கப்ப அப்பிடி இருக்கும், வளந்தா இப்பிடி ஆவும்” என்றார் முகைதீன்.

“வண்டு வளருமா வே? புழுதான் வளரும். வண்டானா வண்டுதான். அறுவது வயசுல நீரு இன்னும் வளருதீரா?”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முகைதீன் சிரிக்கவில்லை. சபுரா கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பிரிக்க ஆரம்பித்தாள். செவலை, செவலை, செவலை. மீசை நுனியில் மூன்று முடிச்சு திடீரென்று பருத்திருக்கும், அது போதும் அடையாளத்துக்கு. அறுபதைத் தாண்டியபோது இடுக்கி நின்றது.

இந்த ஒன்று கொஞ்சம் பெரிது. நிறம் சிவப்புதான், மேலே மாவு வேறு அப்பியிருக்கிறது. யார் பார்த்தாலும் கொழுத்த செவலை என்றுதான் சொல்வார்கள். விரலால் மாவைத் துடைத்தாள். மீசை அடியிலிருந்து நுனிவரை மெல்ல மெல்லப் பெருத்துப் போயிற்று. கன்னத்து ஓரம் கண்ணுக்குள் நீண்டு, கண்ணைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்திருந்தது. முன்கால் நுனிப்பக்கம் அகன்றிருந்தது. கோழிக்காரன். புதிதாகத் தோல் உரித்து வந்தது, கறுக்க இன்னும் நாளாகும், அதுதான் இந்தச் சிவப்பு.

முகைதீன் மில்லுக்குள் முட்டையும் கிடையாது, கோழியும் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய தட்டுகளில் இது பரவியபோது முட்டை அட்டைகளை எரித்து, தவிட்டையெல்லாம் தகரக் கூரையில் வெயிலில் போட்டுக் கொன்றாள். ஒழிந்தது என்றுதான் நினைத்தாள். அந்த வாரம்தான் தவிட்டில் மண் இருக்கிறது என்று முகைதீனோடு பெரிய சண்டை. எப்போதும் கூரைமேல் நின்று நாலு உதறு உதறிக் கொடுக்கிற சாக்கை, ‘இவன் சாக்க நான் என்ன மயித்துக்கு உதறணும்’ என்று ஏணியிலிருந்தே அவர் வாசலில் விட்டெறிந்தாள். விழுந்த சாக்கை அவர் அப்படியே மடித்து மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததையும் பார்த்தாள்.

யாருக்கும் தெரியாது. அந்தத் தட்டுக்கு முன்னால் நின்ற நாற்பது பேரில் ஒருத்தருக்கும் இந்தக் கண் கிடையாது. சபுரா அந்த வண்டைச் செவலைக் கூட்டத்துக்குள் தள்ளினாள். அடுத்ததையும் தள்ளினாள். எண்ணிக்கை மட்டும் மனசுக்குள் தனியாக ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த அவளால் முடியவில்லை. கடைசியில் பதினொன்று.

“எல்லாம் மாவு வண்டு” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “என்னோடது ஒண்ணுகூட இல்ல.”

“நீயே பிரிச்சு நீயே தீர்ப்புச் சொன்னா எப்பிடிட்டி?” என்று முகைதீன் மேசையைத் தட்டினார். வண்டுகள் குலுங்கின.

வானமாமலை அதற்கு ஏற்பாடு செய்திருந்தான். செம்பூரில் அவன் வயரிங் வேலைக்குப் போகிற ஒரு கட்டடத்தில் சுந்தரராமன் என்று ஒரு பெரியவர், காலேஜில் விலங்கியல் நடத்தி ரிட்டயர் ஆனவர், பூச்சிகளைப் பற்றி அறிந்தவர். தட்டை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினான். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். வானமாமலை ஸ்பீக்கரில் போட்டான்.

“பார்த்தேன்ப்பா. இதுல ஒரு சந்தேகமும் இல்ல. அத்தனையும் ட்ரைபோலியம், சாதாரண மாவு வண்டு. மாவு மில் இருக்கற இடத்துல எல்லாம் இருக்கும். உங்க மில்காரர் தொட்டியைச் சுத்தம் பண்றதே இல்லன்னு அர்த்தம்.”

கூட்டம் முகைதீன் பக்கம் திரும்பியது. அவர் முகம் செத்துப்போனது. இடியாப்பக்காரப் பெண் ‘ஐயே’ என்று வாய்விட்டுச் சொன்னாள். சபுரா ஜெயித்துவிட்டாள். தட்டுகள் எங்கேயும் போக வேண்டாம். அப்போதே போனைத் துண்டித்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

“சார், இங்க ஒரு அக்கா கண்ணாடி வச்சு ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாத்தாவ” என்றான் வானமாமலை, சும்மா பேச்சுக்கு.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “பிரிக்கறதுக்கு என்ன இருக்கு அதுல? அரிசியில கல்லு பொறுக்கற மாதிரியா? பெரிசு சின்னதுன்னு வீட்டு லேடீஸ் பிரிக்கறதெல்லாம் வகைப்பாடு ஆகாது, சொல்லிடு. அதுக்குப் படிச்சிருக்கணும். நான் ஒரு பார்வையிலயே சொல்லிட்டேனே, எல்லாம் ஒண்ணுதான்.”

சபுரா மேசையை எட்டி வானமாமலை கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“எல்லாம் ஒண்ணா? ஒண்ணுன்னா சொல்லுதீரு? கண்ணு பொளந்திருக்கதப் பாத்தீரா? மீசையப் பாத்தீரா? படிச்சவரு, போட்டோவப் பாத்துத் தீர்ப்பு சொல்லுதீரு, மாவத் தொடச்சுப் பாக்கணும்னு தெரியாது?”

“யாரும்மா பேசறது?”

“கல்லு பொறுக்குறவ.”

போனை மேசைமேல் போட்டாள். கண்ணாடியைச் செருகினாள். ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அந்தக் குவியலிலிருந்து இடுக்கி பதினொரு முறை எடுத்தது. தட்டின் வெறும் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் மாவைத் துடைத்தாள். அப்படி வைத்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. முள் எடுத்த மாதிரி. அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

“இருநூத்தி நாப்பத்தேழு பூச்சி. இருநூத்தி முப்பத்தாறு செவலை, மில்லுல பொறந்தது, முகைதீன் காக்கா தொட்டியக் கழுவாம வளத்தது. இந்தப் பதினொண்ணு வேற. இது கோழிக்கடைப் பூச்சி. முட்டை அட்டையில ஏறி என் தட்டுக்கு வந்திச்சு, நான் உதறாம எறிஞ்ச சாக்குல ஏறி அவரு மில்லுக்குப் போயிருக்கு. இந்தப் பதினொண்ணு என்னோடது.”

போனிலிருந்து சுந்தரராமன் “ஆல்ஃபிடோபியஸா? கோழிப்பண்ணையில வருமே, அதுவா? இருக்கலாம், இருக்கலாம், க்ளோசப் அனுப்பு” என்று ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை.

“கேட்டியளா? அவ வாயாலயே சொல்லிட்டா!” என்று முகைதீன் கத்தினார். செத்த முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. “என்னோடதுங்கா. அவளே ஒத்துக்கிட்டா!”

“பதினொண்ணுதான் சொன்னேன். மிச்சம் இருநூத்தி முப்பத்தாறு...”

“பூச்சி பூச்சிதான யக்கா” என்றான் வானமாமலை. “பதினொண்ணு வந்தா நூறு வராதா?”

“அதுலேருந்து இது வராதுடா முட்டாளே! அது வேற, இது வேற!”

“எல்லாம் ஒரே செவப்பாத்தான இருக்கு” என்றாள் இடியாப்பக்காரப் பெண்.

அவ்வளவுதான். வகை, மீசை, கண் என்று சபுரா கத்திக்கொண்டிருந்தாள். நாற்பது பேருக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, அதை அவளே கொடுத்துவிட்டாள். தன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் முகைதீன் குற்றத்தையும் நம்புவார்கள் என்று எந்தக் கிறுக்கு நேரத்தில் நினைத்தாளோ. முகைதீன் மேசைக்கு வந்து, அவள் கண்ணுக்கு முன்னாலேயே உள்ளங்கையால் இரண்டு குவியலையும் ஒன்றாக வழித்து, பாட்டிலில் போட்டு, சாக்கடையில் கவிழ்த்தார். சந்துக்காரர்கள் கலைந்து போனார்கள். சபுரா வெறும் தட்டோடு நின்றாள். அழுகை வந்தது, அதை அவர்களுக்குக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏணி ஏறினாள்.

புதன்கிழமை ஒரு டெம்போ வந்தது. உல்லாஸ்நகரில் நாத்தனார் ஷமீமா வீட்டுப் பின்கட்டில் தகரம் போட்ட இடம் ஒன்று கிடைத்தது, சும்மா இல்லை, ஷமீமாவின் முகக்கோணலையும் சேர்த்துத்தான். தட்டுகளை இறக்க ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு தட்டையும் ஏணியில் ஏறி இறங்கி அவளே கொண்டுவந்தாள். நாலு தட்டு கை நழுவிச் சாக்கடையோரம் கொட்டியது, அதைப் பார்த்து ஒரு வீட்டு ஜன்னல் அடைத்துக்கொண்டது. டெம்போ கிளம்பும்போது முகைதீன் மில் வாசலுக்கு வந்தார்.

“எதுக்குட்டி சொன்ன? அந்தாளுதான் எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டாரே. பேசாம இருந்திருக்கலாம்லா?” குரலில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“ஒமக்காகச் சொல்லல. தப்பாச் சொன்னாரு, பொறுக்கல.”

“கிறுக்கச்சி” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் மில்லை ஓட விட்டார்.

உல்லாஸ்நகரிலிருந்து குர்லாவுக்கு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வருவது லேசான காரியமில்லை. புழுவைப் பார்த்துவிட்டு லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒருத்தி சங்கிலியை இழுக்கப் போனாள். பாதி வாடிக்கை போயிற்று. இருபத்து மூன்றாம் நாள், சபுரா தகரக் கொட்டகையில் தவிடு சலித்துக்கொண்டிருந்தபோது, வானமாமலை போன் செய்தான்.

“யக்கா, மில்லுல திரும்பவும் பூச்சி. மொத தடவைய விட ஜாஸ்தி. ஒங்க தட்டு போயி இத்தன நாளாச்சு, எங்கேருந்து வருதுன்னு ஒருத்தருக்கும் வெளங்கல.”

“அன்னிக்கே எண்ணிச் சொன்னேன்.”

“ஜனங்க மாட்டுங்கா போயி அரச்சிட்டு வராவ. முகைதீன் பாயி இடிஞ்சு போயி இருக்காரு. நீங்க ஒருக்க வந்து, எந்த ரகம், எங்க முட்டையிடுது, எப்பிடி ஒழிக்கன்னு பாத்துச் சொன்னீயன்னா...”

சபுரா சல்லடையைக் கீழே வைத்தாள். போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த மில்லில் செவலை எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கல்லுக்கு அடியில் மரச்சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் பழைய மாவு கெட்டித்துக் கிடக்கும், அதைச் சுரண்டி எடுத்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

“போனக் காக்காட்ட குடு” என்றாள்.

முகைதீன் வாங்கினார். பின்னால் மில் ஓடவில்லை, பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. வாசலில் ஆள் நிற்கிறார்கள் போல. “சபுரா, நான்தான் கேக்கேன். வந்துட்டுப் போ” என்றார்.

“ஸ்பீக்கர்ல போடும்.”

“என்னது?”

“ஸ்பீக்கர்ல போடும் காக்கா. அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் பதினொண்ணு என்னோடதுன்னு நான் சொன்னேன்லா. இருநூத்தி முப்பத்தாறுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, ஒம்மோடதுன்னு நீரு சொல்லும். அவியளுக்குக் கேக்கணும். அடுத்த ரயிலப் புடிச்சு வாரேன்.”

சபுரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அவர் சொல்லிவிடுவார் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் நிஜமாகவே ஒரு ஆசை இருந்தது. யாரோ ஒரு பெண் “என்னவாம் பாயி?” என்று கேட்டது விழுந்தது.

“ஒண்ணுமில்லம்மா, ராங் நம்பரு” என்றார் முகைதீன். லைன் அறுந்தது.